இதலினா எழுதிய டிக்கெட்

படிக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியும் என்று சொல்லிவிட்டாள் இதலினா.

கேட்டவர் ரயில் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வலடாரெஸ். மேற்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் அவருக்கு அன்றைக்குக் கடுமையான ஜலதோஷம். அடுத்த ரயிலைப் பிடிக்கிற அவசரம் வேறு. 'தெரியும்' என்று குறித்துக்கொண்டு, இரண்டு தும்மல் தும்மிவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்படித்தான் 1953 செப்டம்பரில், போர்ச்சுகலின் வடகோடி மலைக்குள் வளைந்து போகிற அந்தக் குறுகிய பாதையில், அமியால் நிலையத்தின் டிக்கெட் ஜன்னலுக்கு எழுத்து ஒன்றுகூட அறியாத ஒருத்தி பொறுப்பாளியாக வந்து உட்கார்ந்தாள்.

பொய் சொன்னது தப்புத்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவள் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு நாள் போனாள். மறுநாள் ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். எண்கள் மட்டும் முட்டை விற்றுப் பழகின பழக்கத்தில் தானாக வந்துவிட்டன. பதினெட்டு வயதில் அபீலியுவைக் கட்டிக்கொண்டாள். அவன் தண்டவாளம் பராமரிக்கிற கூட்டத்தில் வேலை பார்க்கிறவன். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் அவன் அண்ணன் வீட்டில், கீழே மாடு, மேலே இவர்கள் என்று பரணில் குடித்தனம். குளிர்காலத்தில் மாட்டுச் சூடு மேலே ஏறும் என்பது ஒரு வசதி. நாற்றமும் சேர்ந்து ஏறும், அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இரண்டு குழந்தைகள் அந்தப் பரணில்தான் பிறந்தன.

அமியால் நிலையப் பொறுப்பு காலியானபோது, வேலையோடு ஒரு வீடும் வந்தது. இரண்டு அறை. புகை ஒழுங்காக வெளியே போகிற அடுப்பு. பின்னால் முட்டைக்கோசு போட ஒரு துண்டு நிலம். இதலினா அந்த வீட்டைப் பார்த்தாள், அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

வேலை அவளுக்கு நன்றாகவே படிந்தது. அதுதான் வேடிக்கை. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மர அலமாரி. அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஓர் ஊருக்கான அட்டை டிக்கெட்டுகள் அடுக்கியிருக்கும். அடியிலிருந்து ஒன்றை உருவி, இரும்பு அச்சில் செருகி டக்கென்று அழுத்தினால் தேதி விழுந்துவிடும். குழந்தைக்கு என்றால் கத்திரிக்கோலால் ஒரு மூலையை வெட்டிவிட வேண்டும், அரை டிக்கெட் ஆகிவிடும். எல்லாம் ஒரே பழுப்பு நிறம், எல்லாம் மூன்றாம் வகுப்பு. அமியாலில் வேறு வகுப்புக்குக் காசு வைத்திருக்கிறவர் யாரும் இல்லை. குழிகள், ரயில் போகிற வழியில் ஊர்கள் எந்த வரிசையில் வருமோ அதே வரிசையில் இருந்தன. அந்தப் பாதையைப் புருஷன் தினமும் நடக்கிறான். இதலினாவும் சாப்பாடு கொண்டு போய் அங்குலம் அங்குலமாக அறிவாள். நாலாவது குழி மிரான்டெலா. கடைசிக் குழி பிரகான்சா. இதற்கு எதற்கு எழுத்து? கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பாள். கூட்டம் நிறைந்த சந்தை நாளில்கூட ஒரு டிக்கெட் மாறினதில்லை. முன்பிருந்த ஆளைவிட இவள் கை வேகம் என்று ஊரில் பேச்சு வந்தது. கேட்டு அவளும் கொஞ்சம் பூரித்துத்தான் போனாள்.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் சரக்கு ரயிலில் இரண்டு ஆட்கள் புது அலமாரி கொண்டுவந்தார்கள். பழையதைப் பூச்சி அரித்துவிட்டது என்று மேலே யாரோ எழுதியிருந்தார்கள். வந்தவர்கள் பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, அட்டைகளை அடுக்கி, அவள் கொடுத்த ஒரு கோப்பைத் திராட்சை மதுவைக் குடித்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக அடுக்கியாயிற்று என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் சொன்னது உண்மை. தலைமை அலுவலகத்தின் புது உத்தரவுப்படி அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். குழிகளின் எண்ணிக்கை மாறவில்லை. இதலினா அலமாரியைத் துடைத்தாள், மரத்தின் வழவழப்பைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், தூங்கப் போனாள்.

மறுநாள் மிரான்டெலாவில் மாதச் சந்தை. காலை ரயிலுக்கு ஜன்னல் முன்னால் கோழியும் பாலாடைக்கட்டியும் பன்றிக்குட்டியுமாக ஒரே நெருக்கடி. எல்லோரும் ஒரே ஊர்தான் கேட்டார்கள். இதலினா நாலாவது குழியிலிருந்து உருவி உருவிக் கொடுத்தாள். முப்பத்தோரு டிக்கெட். வாங்கினவர்களில் ஒருவர்கூட அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள், டிக்கெட்டில் போய் என்ன படிக்கிறது என்று பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் எர்மீனியு. அந்தப் பாதையில் அவர் பெயரைச் சொன்னாலே ஆட்கள் பையைத் தடவிப் பார்ப்பார்கள். சொந்த மைத்துனனுக்கே அபராதம் போட்ட மனிதர், அதற்காக இரண்டு வருஷம் அந்த வீட்டில் கை நனைக்காதவர். அவர் முதல் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பிரகான்சா. ரயில் போய்க்கொண்டிருப்பதோ நேர் எதிர்த் திசையில். எங்கே போகிறாய் என்று கேட்டார், சந்தைக்கு என்றாள் அந்தப் பெண். அடுத்த டிக்கெட்டும் பிரகான்சா. அதற்கடுத்ததும். பத்தாவது டிக்கெட்டோடு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பெட்டி முழுவதும் பிரகான்சா போக வேண்டிய ஜனங்கள் மிரான்டெலா போய்க்கொண்டிருந்தார்கள், அதுவும் குஷியாக. விதிப்படி ஒவ்வொருவரிடமும் மறுபடி காசு வாங்க வேண்டும். எர்மீனியு பன்றிக்குட்டிகளைப் பார்த்தார், யோசித்தார், எல்லாவற்றிலும் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, தன் தாளில் ஒரு வரி எழுதினார்.

சாயங்கால ரயில் அமியாலில் நின்றபோது அவர் இறங்கி நேரே ஜன்னலுக்கு வந்தார். அவர் ஜன்னலுக்கு வருகிற வழக்கமே கிடையாது. ஒரு அட்டையை அவள் முன்னால் வைத்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

இதலினா பார்த்தாள். "மிரான்டெலா" என்றாள்.

"பிரகான்சா" என்றார் அவர்.

திரும்பி அலமாரியைப் பார்த்தாள். காலையில் வழவழவென்று இருந்த அந்த அலமாரி இப்போது யாரோ முன்பின் தெரியாத ஆள் மாதிரி நின்றது.

"நான் எழுதிக் குடுத்துட்டேன்மா. எழுதாம விடறதுக்கு எனக்கு வராது" என்றார் எர்மீனியு. போக இரண்டு அடி வைத்தவர் திரும்பி வந்தார். "ஆனா ஒண்ணு. தலைமை ஆபீசுல காகிதம் நடக்காது, தவழும். விசாரிக்க ஆள் வர ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள என்ன பண்ணணுமோ பண்ணிக்க."

ரயில் போன பிறகு இதலினா அலமாரியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். வேலை போவதைவிட வீடு போவதுதான் அவளைப் பிசைந்தது. குழந்தைகள் திரும்ப அந்தப் பரணுக்கா?

அபீலியு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்கெல்லாம் அழுவார்களா என்றான். அலமாரியை மாற்றினது நீயா, அவர்களா? அவர்கள் தலையிலேயே போடு. புது வரிசையை மனப்பாடம் செய்துகொள், நாளையிலிருந்து தப்பு வராது, ஆள் வந்தால் கூட்டம் அதிகம், அவசரத்தில் கை மாறிவிட்டது என்று சொல் என்றான். நல்ல யோசனைதான், மறுநாள் ராத்திரிக்குள் அவள் புது வரிசையை மனப்பாடமும் செய்துவிட்டாள். எர்மீனியுவின் வாயிலிருந்து வந்த பிரகான்சா நாலாவது என்று தெரியும். மற்றதை அலமாரி மாட்டின ஆட்களில் ஒருவன், அன்றைக்குச் சரக்கு ரயிலில் திரும்பிப் போனவன், விஷயம் தெரியாமலே ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் அவளுக்கு நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. படிக்கத் தெரிந்தவளுக்கு அலமாரி மாறினால் என்ன, தலைகீழாக மாட்டினால்தான் என்ன? கையில் எடுத்ததுமே பார்த்திருப்பாள். வருகிறவர் இதைக்கூடவா யோசிக்க மாட்டார்?

அந்த வருஷம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர அரசாங்கம் மாலை வகுப்பு வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில், கடைசி ரயிலுக்குப் பிறகு. இதலினாவுக்கு அது தெரியும், அறிவிப்பு ஒட்டியிருந்ததே அவளுடைய நிலையச் சுவரில்தான். படித்தவர்கள் உரக்கச் சொன்னதில் அவள் காதில் விழுந்தது. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? டிக்கெட் ஜன்னல்காரிக்கு எழுத்துத் தெரியாது என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டதாக அர்த்தம். ஒரு வார்த்தை கம்பெனிக்குப் போனால் போதும். இரண்டு மாலை பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மூன்றாவது நாள் ஒலிம்பியா பிடித்துவிட்டாள். ஒலிம்பியா பாலாடைக்கட்டி விற்கிறவள், அகன்ற உடம்பு, அதைவிட அகன்ற வாய். பிரகான்சா டிக்கெட்டில் சந்தைக்குப் போன முப்பத்தோரு பேரில் அவளும் ஒருத்தி.

"என்னடி சுவத்துக்குப் பின்னால? ஆடு திருட வந்தியா?"

சும்மா காற்று வாங்க வந்தேன் என்று இதலினா மழுப்பினாள்.

"நீ ஜன்னல்ல உக்காந்து ஒன்றரை மாசத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எம் புள்ள பிரேசில்லேருந்து போட்ட கடுதாசிய ஒங்கிட்ட நீட்டினேன், நீ கண்ணாடி ஒடஞ்சுபோச்சுன்ன. நீ எப்ப கண்ணாடி போட்ட? ஊருக்கே தெரியும்டி. தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கறது நீ ஒருத்திதான்."

இதலினாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அப்புறம், எரிச்சல் அடங்கினதும், தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. இத்தனை மாதமாக ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு, ஒருவர்கூட வாயைத் திறக்காமல் அவளிடம் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

"ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா? படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன வெளியூர்லேருந்து போடுவாங்க. அவன் நம்ம கோழிக்கெல்லாம் தனி டிக்கெட் கேப்பான்" என்றாள் ஒலிம்பியா. "வா உள்ள. நானும் வர்றேன். எம் புள்ளைக்கு நானே எழுதிப் போடணும். அவன் பொண்டாட்டியப் பத்தி எழுத நெறைய இருக்கு, அடுத்தவங்க கையால எழுத முடியாது."

இருவரும் உள்ளே போய், எட்டு வயதுக் குழந்தைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

வகுப்புப் பாடப் புத்தகத்தில் திராட்சையும் பசுவும் இருந்தன. இதலினாவுக்கு அவை ஏறவில்லை. அவளுக்கு ஏறினது டிக்கெட். தினமும் காலையில் ஜன்னலைத் திறக்கும் முன் ஒரு குழியிலிருந்து ஓர் அட்டையை உருவிக் கையில் வைத்துக்கொள்வாள். எந்த ஊர் என்று முன்பே தெரியும் என்பதால், எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று பிடித்துவிடலாம். மிரான்டெலாவின் முதல் எழுத்தான M-க்கு இரண்டு மலை. பிரகான்சாவின் B-க்கு இரண்டு வயிறு. பன்னிரண்டு ஊர்களுக்குள் கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் வந்துவிடுகின்றன என்று கண்டுபிடித்தபோது, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இத்தனை நாளாக விலைக்கு விற்றுக்கொண்டிருந்ததே எழுத்தைத்தானே! ஐந்தாவது வாரம் நிலையத்தின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள், அது தானாக அமியால் என்று சொன்னது. அன்றைக்கே அபீலியுவைக் கூட்டி வந்து படித்துக் காட்டினாள். அவன் பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, எது எந்த எழுத்து என்று கேட்டான்.

ஆனால் அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு. பேனா அவள் விரலில் நிற்கவில்லை. மண்வெட்டி பிடித்த கை அழுத்தி எழுதினால் காகிதம் கிழிந்தது, அழுத்தாமல் எழுதினால் மை இறங்கவில்லை.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பிரகான்சா பக்கமிருந்து வந்த காலை ரயிலில் இன்ஸ்பெக்டர் வலடாரெஸ் இறங்கினார். எதிர் ரயில் வரும் வரை இந்த ரயில் அமியாலில் காத்திருக்க வேண்டும், கால் மணி நேரம் ஆகும். ஏறப் போகிற ஏழெட்டுப் பேர் ஜன்னலில் நின்றார்கள், முன்னால் கூடையோடு ஒலிம்பியா. வலடாரெஸ் அவர்களைத் தாண்டி உள்ளே வந்து, எர்மீனியு எழுதின தாளை மேசையில் விரித்தார். இந்த முறை ஜலதோஷம் இல்லை.

இதலினா அபீலியு சொல்லிக்கொடுத்ததை வாயில் தயாராக வைத்திருந்தாள். கூட்டம், அவசரம், கை மாறிவிட்டது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் அது எங்கேயோ போய்விட்டது.

"ஐயா, அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான் பொய் சொன்னேன். எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது அப்போ. அலமாரி மேல தப்பில்ல. இப்போ ராத்திரி பள்ளிக்கூடம் போறேன். கொஞ்சம் படிப்பேன்."

வலடாரெஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பொய் சொன்னவங்கள வேலைல வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்கள வச்சுக்கக் கூடாதுன்னு இன்னொண்ணு. ரெண்டையும் சேத்து மீறினா நான் என்னம்மா பண்றது?"

அவர் ஆணியில் தொங்கிய ஒரு புத்தகத்தைக் கழற்றி அவள் முன்னால் போட்டார். அலமாரியில் அட்டை இல்லாத தூர ஊர்களுக்குக் கையால் எழுதிக் கொடுக்கிற டிக்கெட் புத்தகம். அதை இதலினா இதுவரை திறந்ததே இல்லை. யாராவது தூரத்து ஊர் கேட்டால், பாதையின் மறுகோடியான துவா வரைக்கும் வாங்கிக்கொள், அங்கே போய் மிச்சத்தை வாங்கினால்தான் இடம் கிடைக்கும் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவாள்.

"நான் இப்போ லிஸ்பன் போகணும். ஒரு டிக்கெட் எழுதிக் குடு. உன்னப் பத்தின அறிக்கையும் என்னோடதான் வருது. அந்த டிக்கெட்டுல நான் லிஸ்பன் போய்ச் சேந்துட்டா, முதல் விதிய நான் பாத்துக்கறேன். நடுவுல எவனாவது டிக்கெட் சரியில்லன்னு எறக்கிவிட்டா, வீட்டக் காலி பண்ணிடு."

இதலினா பேனாவை எடுத்தாள். புறப்படும் ஊர், சேரும் ஊர், வழி, வகுப்பு, தேதி என்று ஐந்து கோடுகள். அமியால் எழுதினாள். லிஸ்பனுக்கு அவளிடம் அட்டை கிடையாது, பார்த்து எழுத வழி இல்லை. கண்ணை மூடி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு சத்தமாக இறக்கினாள். முதல் எழுத்து கோட்டுக்கு மேலே போய்விட்டது, அடுத்தது கீழே. வெளியே எதிர் ரயில் வந்து நின்றது. என்ஜின் ஓட்டுநர் ஒருமுறை விசில் ஊதினார். ஒலிம்பியா திரும்பி, கொஞ்சம் பொறு, இங்கே ஆள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று அவரை அதட்டினாள். வழி: மிரான்டெலா, துவா, போர்ட்டோ. நெற்றி வியர்வை காகிதத்தில் விழாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வகுப்பு என்ற இடம் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அமியாலில் என்ன விற்குமோ அதை எழுதினாள். தேதி போட்டு, கிழித்து, நீட்டினாள்.

வலடாரெஸ் அதைப் படிக்கவே இல்லை. உரிய பணத்தை வைத்தார், பையிலிருந்த தன் இலவசப் பயண அட்டையைப் பையின் அடியில் தள்ளினார், வெளியே நடந்தார். இதலினா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்கு ஒலிம்பியாவே அவசரப்படுத்தி டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஏற்றினாள்.

முதல் வகுப்புப் பெட்டியின் படியில் இன்ஸ்பெக்டர் ஒரு காலை வைத்தார். அங்கே எர்மீனியு நின்றிருந்தார். சாதாரணமாக இன்ஸ்பெக்டரைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு ஒதுங்குவார், டிக்கெட் கேட்பதில்லை. இன்று இன்ஸ்பெக்டரே டிக்கெட்டை நீட்டவும், வாங்கிப் படித்தார். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பினார், மறுபடி முன்பக்கம் படித்தார்.

"ஐயா மன்னிக்கணும். இதுல ஏற முடியாது."

"ஏன்? டிக்கெட் தப்பா?"

"டிக்கெட் சரியா இருக்கு. மூணாம் வகுப்புன்னு எழுதியிருக்கு."

வலடாரெஸ் தாளை வாங்கி அப்போதுதான் பார்த்தார். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பையின் அடியில் இருக்கிற அட்டையை எடுத்திருந்தால் முடிந்தது விஷயம்.

"எழுதியிருக்கா?"

"தெளிவா எழுதியிருக்குங்க."

இன்ஸ்பெக்டர் காலைக் கீழே எடுத்தார். பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடையின் முழு நீளமும் நடந்து கடைசிப் பெட்டிக்குப் போனார். ஒலிம்பியா பாலாடைக்கட்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டாள். எர்மீனியு டிக்கெட்டில் துளை போட்டார். இதலினா அழுதுகொண்டே சிரித்தாள், யார் பார்த்தால் என்ன என்று சத்தமாகவே சிரித்தாள்.

போர்ட்டோவில் மாறின பிறகும் வலடாரெஸ் மூன்றாம் வகுப்பில்தான் உட்கார்ந்து போனார். அமியால் நிலையப் பொறுப்பாளியை வேலையில் வைத்துக்கொள்ளலாம், எழுதப் படிக்கத் தெரிகிறது, நேரில் பார்த்தேன் என்ற அறிக்கையை அந்த மரப்பலகையிலேயே, முழங்கால் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். ரயில் ஆடின ஆட்டத்தில் அவர் எழுத்து இதலினாவின் எழுத்தைவிட மோசமாக வந்திருந்தது. தலைமை அலுவலகத்தில் இரண்டு பேர் சேர்ந்துதான் அதைப் படித்து முடித்தார்கள்.